கருத்துக் கேட்டவர் பதிலும் சொல்லவேண்டும்

எமது கிராமிய சங்கங்களின் நடைமுறையில் அண்மைக் காலத்தில் ஒரு புதிய பழக்கம் வேரூன்றியுள்ளது. சங்க யாப்பைத் திருத்துவதானாலும், ஐந்தாண்டுத் திட்டம் தயாரிப்பதானாலும், உதவி நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதுவதானாலும், ஒருவர் கணினியில் வரைவைத் தயாரித்து இணையத்தில் ஏற்றிவிடுகிறார். அதன் இணைப்பு சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போடப்படுகிறது. "வரைவு இங்கே உள்ளது. பத்து நாட்களுக்குள் கருத்துக்களைத் தெரிவிக்கவும்" என்று ஒரு வரியும் சேர்க்கப்படுகிறது. பத்து நாள் கழிந்ததும் திறந்து பார்த்தால் ஓரத்தில் ஐந்தாறு குறிப்புகள் இருக்கும். அவற்றில் இரண்டு எழுத்துப் பிழை பற்றியவை. ஒன்று "மிக நன்று, வாழ்த்துக்கள்" என்பது. மிகுதி மூன்றும் ஒருவரே எழுதியவை. ஆனால் இறுதி அறிக்கையின் முதற் பக்கத்தில் "கிராம மக்களின் கருத்துக்கள் பெறப்பட்டு இத்திட்டம் தயாரிக்கப்பட்டது" என்ற வசனம் மட்டும் தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது.

இந்த வசனத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

கூட்டு ஆவணம் என்னும் வசதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றதன் பின், பொருளாதாரத் தடைக் காலத்தில், ஒரு திட்ட அறிக்கையைப் பத்துப் பேருக்குக் கொடுப்பதற்கு எம்மவர் பட்ட பாட்டை நடுவயது வாசகர்கள் அறிவார்கள். அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான நாட்கள் அவை. ஸ்ரென்சில் வெட்டி, றோனியோவில் உருட்டி, சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்து, திருத்தங்களை வாங்கி வந்து, மீண்டும் ஸ்ரென்சில் வெட்டுவதென்றால் ஒரு மாதம் போய்விடும். இன்று நெடுந்தீவில் இருப்பவரும் பருத்தித்துறையில் இருப்பவரும் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் திறந்து, குறித்த வரிக்கு நேராகக் குறிப்பு எழுதலாம். ஒருவர் செய்த மாற்றம் எதுவென்பது தனி நிறத்தில் தெரியும். நேற்றைய வடிவத்துக்குத் திரும்பிப் போகவும் முடியும். றோனியோக் காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் எவரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

ஆனால் வசதி பெருகப் பெருகக் கேட்பவரின் கடமை குறைந்துவிட்டது போல ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. இணைப்பை அனுப்பியதோடு கேட்டாயிற்று என்றும், எழுதாதவர் சம்மதித்துவிட்டார் என்றும் கொள்ளப்படுகிறது. எழுதியவருக்கோ தமது குறிப்பு என்னவாயிற்று என்பது தெரிவதில்லை. ஓரத்தில் இருந்த குறிப்பு ஒரு நாள் மறைந்துவிடுகிறது. "தீர்ந்தது" என்று குறிப்பை மூடுவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அதை யாரோ அழுத்திவிட்டார். என்ன தீர்ந்தது, எப்படித் தீர்ந்தது என்று ஒரு வரியும் இல்லை. மூடிய குறிப்புகளைத் தேடி எடுத்துப் பார்க்க வழி உண்டுதான். அந்த வழியை அறிந்தவர் ஒரு சங்கத்தில் எத்தனை பேர்?

வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்பது எமது மண்ணுக்குப் புதியதல்ல. புலவர் ஒருவர் நூலை அவையில் அரங்கேற்றும்போது, கேட்டிருந்தோர் எழுப்பும் தடைகளுக்கு அங்கேயே விடை சொல்லவேண்டும் என்பது பழைய வழக்கு. பழைய உரைகளும் தடை, விடை என்று ஒரு முறையை வைத்திருந்தன. தடை சொல்பவருக்கு விடை பெறும் உரிமை இருந்தது. இன்று தடையை வாங்கும் வசதி பல மடங்கு பெருகியிருக்க, விடை சொல்லும் வழக்கம் மட்டும் அருகிவிட்டது.

இதற்கு யாழ்ப்பாணத்திலேயே நடந்த, இப்பக்கங்களின் வாசகர்கள் அறிந்திருக்கவேண்டிய உதாரணம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ் வேதாகமத்தை மீண்டும் மொழிபெயர்க்கும் வேலை இங்கே நடந்தது. வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் அதற்குப் பொறுப்பாக இருந்தார். அவரிடம் படித்து, அவருடைய பாடசாலையிலேயே கற்பித்த நல்லூர் ஆறுமுகம், பின்னாளில் ஆறுமுக நாவலர் எனப்பட்டவர், தமிழ்ப் பண்டிதராக உடனிருந்து உழைத்தார். அந்த மொழிபெயர்ப்பைச் சென்னையில் மகாலிங்கையர் என்ற வித்துவான் பார்வையிட்டுப் பாராட்டினார் என்று நாவலரின் வரலாறு எழுதியோர் கூறுவர். 1850 இல் அது அச்சில் வந்தது. அதற்கு வழங்கிய ஆங்கிலப் பெயரின் பொருளே பரீட்சார்த்தப் பதிப்பு என்பதுதான். அதாவது, இது முடிந்த முடிபு அல்ல, படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்ற கருத்து.

பெயரில் அடக்கம் இருந்தது. ஆனால் படிப்பவரின் கையில் அது அச்சாகி முடிந்த ஒரு முழுப் புத்தகமாகவே போய்ச் சேர்ந்தது. பப்ரீசியுஸ், இரேனியுஸ் ஆகியோரின் மொழிபெயர்ப்புகளை வாசித்துப் பழகிய தென்னிந்தியச் சபையாருக்கு, தமக்கு மனப்பாடமான வசனங்கள் மாறியிருந்தது பெருங்குறையாகப் பட்டது. மொழிபெயர்ப்பின் தரத்தைப் பற்றி இன்றும் இரு பக்கமும் பேசுவோர் உண்டு. அதைத் தீர்ப்பது எமது நோக்கமல்ல. கருத்துச் சொல்லவேண்டியவர்களில் பெரும்பாலானோர் வேலை நடந்த காலம் முழுவதும் வெளியே நின்றார்கள், அச்சான பின்பே உள்ளே அழைக்கப்பட்டார்கள் என்பதையே நாம் கவனிக்கவேண்டும். சென்னையார் அதை ஏற்கவில்லை.

பின்பு நடந்தது வேறு மாதிரி. ஹென்றி போவர் பாதிரியார் தலைமைத் திருத்தாளராக நியமிக்கப்பட்டார். முத்தையாபிள்ளை அவருக்குத் தமிழ்த் துணையாக இருந்தார். பல மிசன்களைச் சேர்ந்தவர்கள் அமர்ந்த குழு திருத்தங்களைத் தீர்மானித்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்ட்வெல் அந்த வேலையில் 1858 முதல் 1869 வரை பங்குபற்றினார். பதினொரு வருடம்! 1871 இல் முழுமையாக வெளிவந்த அந்தப் பதிப்புக்கு ஐக்கிய மொழிபெயர்ப்பு என்று பெயர். எமது சபைகள் பலவற்றில் இன்றும் வாசிக்கப்படுவது அதுவே. அப்பொழுதும் எல்லாரும் இணங்கிவிடவில்லை. தென்னிந்திய லூதரன் சபையார் அதன் பின்பும் நெடுங்காலம் பப்ரீசியுசின் வேதாகமத்தையே வைத்திருந்தனர். நன்றாகக் கேட்டாலும் எல்லாரும் ஒப்புவார்கள் என்பதில்லை. ஆனால் ஒப்பாதவர் எதற்காக ஒப்பவில்லை என்பது இரு பக்கத்தாருக்கும் தெரிந்திருந்தது.

எமது நாட்டுச் சட்டத்திலும் இந்தக் கொள்கைக்கு ஓர் இடம் உண்டு. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம், 1988 இல் 56 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டபோது, பெரிய திட்டங்களுக்கான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை முப்பது நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும் என்று விதித்தது. எவரும் அதன் மேல் எழுத்தில் கருத்துக் கூறலாம். அக்கருத்துக்கள் திட்டத்தை முன்வைத்தவரிடம் அனுப்பப்படும். அவர் அவற்றுக்கு எழுத்தில் பதிலளிக்கவேண்டும். கேட்பதோடு நில்லாமல் பதிலையும் கடப்பாடாக்கிய இந்த ஏற்பாட்டை எமது கிராமிய சங்கங்களில் எத்தனை பேர் அறிவார்கள்? அறிந்தவர்களிலும், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட தொழில்நுட்ப அறிக்கையை முப்பது நாளில் வாசித்துக் கருத்து எழுதக்கூடிய கமக்காரர் எத்தனை பேர்?

காலம் கடந்து வரும் மறுப்பின் விலையை யாழ்ப்பாணத்துக் குடிநீர் விடயத்தில் நாம் கண்டோம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு 2010 ஆம் ஆண்டளவில் தொடங்கிய திட்டத்தில், கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவருவதே முதல் எண்ணமாக இருந்தது. இரணைமடுவை நம்பி நெல் விதைப்பவர்கள் மறுத்தார்கள். தமக்கே போதாத ஆண்டுகளில் எப்படிக் கொடுப்பது என்பது அவர்களின் கேள்வி. அது 2013 இல் தெரிவான வடமாகாண சபையின் மேசை வரை போய், பெரும் வாக்குவாதமாகியது. இறுதியில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டுவதென்று திட்டம் மாறியது. அது 2024 ஒகஸ்ற் மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது. தாளையடியிலும் கடற்றொழிலாளர் தமது அச்சங்களைச் சொன்னார்கள். உப்புச் செறிந்த கழிவு நீர் கடலில் விடப்பட்டால் மீன்பாடு என்னாகும் என்பது அவர்களின் கேள்வி. கமக்காரரின் கேள்வியும் கடற்றொழிலாளரின் கேள்வியும் பொறியியலாளருக்குத் தெரியாதவை அல்ல. ஆயினும் ஒரு குளத்தின் கீழ் விதைப்பவன் சொல்லும் கணக்கு, வரைவின் முதற் பக்கம் எழுதப்படும்போதே மேசையில் இருந்திருந்தால், குடாநாட்டுக் கிணறுகள் உவராகிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் சிலவற்றையாவது மீதப்படுத்தியிருக்கலாம் என்பது எமது எண்ணம்.

பெரிய திட்டங்கள் எமது கையில் இல்லை. சங்கத்தின் வரைவு எமது கையில் உள்ளது. எனவே அதற்கு வருவோம்.

முதலாவது சிக்கல் எழுத்து. வெளியார் இதை அற்பமாக நினைக்கலாம். எமது சங்கங்களின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் ரைப் செய்யப்பட்டவை. அதைப் பிரதி செய்து இணைய ஆவணத்தில் ஒட்டினால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரு குப்பை நிற்கும். கைபேசியில் திறந்தவர் ஏதோ பழுது என்று மூடிவிடுவார். பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே உண்டு. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பார்க்கவேண்டும். அடுத்தது, வரைவு ஆங்கிலத்தில் இருப்பது. உதவி நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில்தான் போகவேண்டும் என்பதற்காக ஆங்கில வரைவையே கிராமத்துக்கும் அனுப்பி, "கருத்துச் சொல்லுங்கள்" என்று கேட்பது கேலி. தமிழில் எழுதி, தமிழில் கருத்து வாங்கி, முடிவான பின் ஆங்கிலத்துக்கு மாற்றினால் என்ன? நேரம் இல்லை என்பார்கள். நேரம் எப்பொழுதும் கிராமத்தாருக்குரிய பகுதியிலேதான் இல்லாமற் போகிறது.

இரண்டாவது சிக்கல், யாருடைய குறிப்பு ஆவணத்தில் நிற்கிறது என்பது. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியுள்ளது. எமது கிராமங்கள் பலவற்றுக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் ஊர் ஒன்றியங்கள் உண்டு. அவர்களின் பணத்திலேயே சனசமூக நிலையக் கட்டடமும், முன்பள்ளியும், மாணவர் உதவித் தொகையும் நடைபெறுகின்றன. அந்த நன்றியை நாம் மறக்கவில்லை. கூட்டு ஆவணத்தில் அதிகமாகவும் நன்றாகவும் குறிப்பு எழுதுபவர்களும் அவர்களே. நல்ல கணினி, தடையில்லாத இணையம், அறிக்கை எழுதிப் பழகிய கை. ரொறன்ரோவில் இரவுச் சாப்பாடு முடித்து அவர்கள் எழுதத் தொடங்கும்போது இங்கே விடிந்துவிடும். எங்கள் கடற்றொழிலாளர் வலையோடு கரைக்கு வந்துகொண்டிருப்பார். அவர் மீனை விற்று, வலையைப் பார்த்து, படுத்தெழும்பிக் கைபேசியை எடுப்பதற்குள் இறங்குதுறை எங்கே வரவேண்டும் என்பது பற்றி ஓரத்தில் பன்னிரண்டு குறிப்புகள் நிற்கும். எழுதியவர்கள் ஊரைவிட்டுப் போய் முப்பது வருடமாகிறது. அவர்களின் ஞாபகத்தில் உள்ள கரை இப்பொழுது அந்த இடத்தில் இல்லை.

அவர்கள் எழுதக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. குறிப்புகளை எண்ணிப் பார்த்து முடிவுசெய்யக்கூடாது என்கிறோம். ஒருவர் எழுதிய பன்னிரண்டு குறிப்பும் ஒருவருடைய கருத்துத்தான். கருத்தைத் தொகுப்பவர் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில், சொன்னவர் அந்த விடயத்தில் எந்த நிலையில் நிற்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். அந்தத் துறையில் வள்ளம் கட்டுபவரா, அருகில் காணி உள்ளவரா, பணம் தருபவரா, பொதுவில் அக்கறை உள்ளவரா என்பது தெரியவேண்டும். வள்ளம் கட்டுபவரின் ஒரு வார்த்தை மற்றவர்களின் பத்துக் குறிப்புகளை நிறுத்தக்கூடிய சந்தர்ப்பம் உண்டு.

மூன்றாவது, பயம். எமது பகுதியில் பெயரோடு எழுதிக் கொடுப்பது என்பது சிறிய விடயமல்ல. எழுதியவற்றால் ஆபத்து வந்த காலங்களை எமது மக்கள் கடந்து வந்திருக்கிறார்கள். இன்றும் ஒரு கைம்பெண், மீள்குடியேற்ற வீட்டுத் திட்டத்தில் தமக்கு நேர்ந்த அநீதியைத் தனது பெயர் தெரியக்கூடியதாக ஓரத்தில் எழுதுவார் என்று எதிர்பார்ப்பது வெறும் பகற்கனவு. இதற்கு மேல் சாதி இருக்கிறது. கோயில் வீதிக்குக் கிட்ட உள்ளவர்கள் பொதுக்கிணறு பற்றி ஒன்று எழுதியிருக்க, அதற்குக் கீழே குறிச்சியின் கடைசியில் இருக்கும் ஒருவர் "இது சரியல்ல" என்று எழுதுவாரா? எழுதமாட்டார். அதைச் சம்மதம் என்று கணக்கெடுப்பது அவருக்கு இரண்டாவது முறை செய்யும் அநியாயம். பெயரில்லாமல் இணைப்பால் உள்ளே வருபவர்களைக் கூகிள் ஆவணம் யானை என்றும் ஆமை என்றும் நரி என்றும் விலங்குப் பெயர்களால் காட்டும். எங்கள் யாப்பை ஓர் ஆமை வாசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். ஆனால் அந்த ஆமைக்கும் ஒரு முறைப்பாடு இருந்திருக்கக்கூடும்.

இணைப்பு எவரிடமும் போகலாம் என்பதால், பயனாளிகளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்ப விபரம் ஆகியவை கருத்துக் கேட்கும் வரைவில் இருக்கவே கூடாது. 2022 இல் நிறைவேறிய 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டுமல்ல. அந்தப் பெண்கள் எமது அயலவர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? நாம் சரியென்று காணும் முறை பெரிய சூத்திரம் அல்ல.

வரைவுக்கு ஒருவர் பொறுப்பாக இருக்கவேண்டும். மற்ற எவரும் நேரடியாகத் திருத்தக்கூடாது. குறிப்பு எழுதலாம், திருத்தத்தை முன்மொழியலாம். எல்லாருக்கும் திருத்தும் அனுமதியைக் கொடுத்துவிட்டுப் பின்பு மூன்றாம் பிரிவைக் காணவில்லை என்று தேடும் சங்கங்கள் உண்டு. கருத்துக் கேட்கும் காலம் முடியும்வரை வரைவு மாறாமல் நிற்கவேண்டும். திங்களன்று வாசித்தவரும் வெள்ளியன்று வாசித்தவரும் வெவ்வேறு வரைவுகளை வாசித்தால் அவர்களின் கருத்துக்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க முடியாது.

"உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் வாழ்த்துத்தான் கிடைக்கும். கேள்வி குறித்த இடத்தில் நிற்கவேண்டும். "குளம் தூர்வாரும் வேலையை ஆவணியில் தொடங்கக் குறித்துள்ளோம். அப்பொழுது மானாவாரி விதைப்புக்கு உழவு தொடங்கிவிடுமா? ஆட்கள் கிடைப்பார்களா? எடுத்த மண்ணை எங்கே கொட்டலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். வாசிகசாலைத் திண்ணையில் ஒரு வார்த்தையும் பேசாதிருந்த பெரியவர் அரை மணித்தியாலம் பேசுவார். மண் எங்கே கொட்டப்பட்டதால் எந்த வாய்க்கால் அடைபட்டது என்ற ஐம்பது வருட வரலாறு வரும்.

அந்தப் பேச்சை யார் ஆவணத்தில் ஏற்றுவது? இங்கேதான் வேலையின் மையம் இருக்கிறது. வரைவைப் பெரிய எழுத்தில், வரிகளுக்கு எண் போட்டு அச்சிட்டு, சனசமூக நிலையத்திலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்திலும் வைக்கவேண்டும். ஒரு நாள் மாலை முழுவதையும் வாசித்துக் காட்டவேண்டும். பெண்களுக்கு வேறு நேரத்தில், மாதர் சங்கத்தில் வாசிக்கவேண்டும். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் பக்கத்தில் இருந்து, சொல்லப்படுவதைச் சொன்னவரின் சொற்களிலேயே எழுதி, "நான் இப்படி எழுதியிருக்கிறேன், சரியா ஐயா?" என்று திரும்ப வாசித்துக் காட்டி, பின்பு அந்த வரிக்கு நேரே குறிப்பாக ஏற்றவேண்டும். பெயர் போட விரும்பாதவருக்குப் பெயர் இல்லாமல் "கரையோரக் குடும்பம்", "குத்தகைக் கமக்காரர்" என்ற அளவில் நிறுத்தலாம். வீட்டில் இருந்து பேசக்கூடியவர்களிடம் வட்ஸ்அப்பில் குரற்பதிவாக வாங்கலாம். தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதியும் இப்பொழுது கைபேசியில் இருக்கிறது; யாழ்ப்பாணப் பேச்சில் அது சிலவேளை வேடிக்கையாகத் தடுமாறும், ஆகையால் கண் வைத்துப் பார்க்கவேண்டும்.

இவ்வளவும் சேர்ந்த பின் தொகுப்பு. ஒரே விடயத்தைப் பலர் சொல்லியிருப்பார்கள். அவற்றை ஒன்றாகச் சேர்க்கலாம், ஆனால் எத்தனை பேர், எந்த நிலையில் உள்ளவர்கள் சொன்னார்கள் என்பது அழியக்கூடாது. பின்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில். ஏற்றுக்கொண்டோம், இந்தப் பகுதியை இப்படி மாற்றினோம். ஒரு பங்கை ஏற்றோம். ஏற்கவில்லை, காரணம் இது. ஏற்காததற்குக் காரணம் எழுதுவதுதான் கடினம். "பிரதேச சபையின் நிதியில் இதற்கு இடமில்லை" என்று எழுதலாம். "பணம் தருபவர் விரும்பவில்லை" என்பதுதான் உண்மையான காரணமானால் அதையும் எழுதவேண்டும். எழுதக் கூச்சமாயிருந்தால், அந்த முடிவையே மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

மேல்நாட்டில் இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. அமெரிக்காவிலுள்ள கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, உலகெங்கும் பயன்படும் தமது மென்பொருள் உரிமப் பத்திரத்தின் மூன்றாம் பதிப்பின் வரைவை 2006 சனவரியில் இணையத்தில் வைத்தது. எவரும் எந்தச் சொல்லின் மேலும் குறிப்பு எழுதலாம். அதிகம் பேர் குறிப்பிட்ட வரிகள் அதிகம் கறுத்துத் தெரியும்படி அதற்கெனச் செயலி ஒன்றும் எழுதினார்கள். எங்கே நெருப்பு என்பது ஒரு பார்வையில் புலப்பட்டது. ஒவ்வொரு புதிய வரைவோடும், எதை ஏன் மாற்றினோம், எதை ஏன் மாற்றவில்லை என்ற விளக்கத்தையும் சேர்த்து வெளியிட்டார்கள். நான்கு வரைவுகளுக்குப் பின், 2007 யூன் மாதத்தில் அது முடிவாகியது. ஒரு சட்டப் பத்திரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம்.

இதற்கு எதிராக எமது நாட்டு அனுபவத்தையும் வைத்துப் பார்க்கலாம். அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி மக்கள் கருத்தறிய நியமிக்கப்பட்ட குழு 2016 இல் மாவட்டந்தோறும் சென்று கேட்டது. யாழ்ப்பாணத்திலும் மக்கள் வரிசையில் இருந்து சொன்னார்கள். நல்ல விதமாகவே கேட்டார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் அறிக்கையும் வந்தது. புதிய அரசியலமைப்பு வரவில்லை. வராததற்கு அரசியற் காரணங்கள் பல. ஆனால் சொன்ன மனிதருக்கு, "நீங்கள் சொன்னதை இப்படிப் பார்த்தோம்" என்று எவரும் திரும்பி வந்து சொல்லவில்லை. அடுத்த முறை கதிரை போட்டுக் கூப்பிடும்போது அவர் ஏன் வரவேண்டும்? கிராமக் கூட்டங்களுக்கு ஆட்கள் வருவதில்லை என்று முறையிடும் அலுவலர்கள் இந்தக் கேள்வியைத் தம்மிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவு வேலைக்கு ஆளும் நேரமும் எங்கே என்று சங்கச் செயலாளர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம், பலர் சம்பளமில்லாமல், பகல் வேலை முடித்து வந்து இதைப் பார்ப்பவர்கள். எமது கணக்கு இது. இருபது பக்க வரைவொன்றை அச்சிட்டு நாலு இடத்தில் வைப்பதற்கு எண்பது தாள். வாசித்துக் காட்ட இரண்டு மாலைப் பொழுது. எழுதவும் ஏற்றவும் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கிழமை. அவர்களுக்கு ஒரு சிறு கொடுப்பனவு கொடுப்பது முறை. பதில் எழுத, குழு கூடி இரண்டு ஞாயிற்றுக்கிழமை. உதவி நிறுவன விண்ணப்பங்களில் பயிற்சிப் பட்டறைக்கும் பதாகைக்கும் சிற்றுண்டிக்கும் தொகை ஒதுக்கும்போது, "கருத்துக்களைத் தொகுத்தலும் பதிலளித்தலும்" என்று ஒரு வரியைச் சேர்த்தால் மறுக்கும் நிறுவனம் இருக்கும் என்று நாம் நினைக்கவில்லை. அந்தப் பதிற் பட்டியலை இறுதி அறிக்கைக்குப் பின்னிணைப்பாக வைத்து, அதன் ஒரு பிரதியை வரைவு வைத்த அதே சுவர்களில் ஒட்டிவிட்டால், வலையோடு கரைக்கு வருபவர் தான் சொன்னது எத்தனையாம் இலக்கத்தில் இருக்கிறது என்று தானே பார்த்துக்கொள்வார்.